கண்ணாடிக் கூண்டுப் புடலங்காய்

கோமதி நகரில் மூன்றாம் தெருவிலிருந்து முதல் தெரு வரைக்கும் ஒரே ஒரு புடலங்காய் நாற்பத்தாறு நாள் நீட்டிப் படுத்துக் கிடந்தது. கிடந்தது, அவ்வளவுதான், அதில் வாயைப் பிளக்க ஒன்றும் இல்லை. அதன்மேல் துணி காயப்போட்டவர்கள், அதைத் தாண்டப்போய்க் கணுக்கால் பிசகியவர்கள், அதை நறுக்கிக் கூட்டு வைத்துத் தின்று தின்று இனி ஜென்மத்துக்கும் புடலங்காய் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டவர்கள் எல்லாரும் பாளையங்கோட்டைக்குத் தெற்கே அந்தக் காலனியில் இன்னும் நல்லபடியாகத்தான் இருக்கிறார்கள். காய் எப்படி அவ்வளவு நீண்டது என்று கேட்டால் அவர்களுக்குத் தெரியாது; அதை வைத்துக்கொண்டு எப்படிக் குடும்பம் நடத்தினீர்கள் என்று கேட்டால் சாயங்காலம் வரைக்கும் சொல்வார்கள். ஆவுடையப்பனிடம் மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

ஆவுடையப்பன் முப்பத்தொரு வருஷம் சர்வே ஆபீசில் இருந்து, ஊரார் நிலத்தையெல்லாம் அளந்து முடித்து, ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் தன் வீட்டு மொட்டைமாடிக்கு ஏறியவர். அதன் பிறகு சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் மட்டுமே கீழே இறங்கினார். எதையும் தூரப்போட அவருக்கு மனசு வராது. காலி குளுக்கோஸ் பாட்டில்களைத் தலைகீழாகத் தொங்கவிட்டுச் செடிகளுக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஏற்றினார். உழைத்து ஓய்ந்த வாஷிங் மெஷினின் வயிற்றைத் திறந்து மண்ணை நிரப்பிக் கறிவேப்பிலை வைத்தார். தேர்தல் முடிந்து கிழித்த பேனரில் பை தைத்துக் கத்திரி நட்டார்; யாரோ ஒரு வேட்பாளரின் கன்னத்திலிருந்து கத்திரிக்காய் தொங்குவதைப் பார்க்கத் தெருவே மாடியேறி வந்தது. வந்தவர்களை அவர் சும்மா அனுப்பவில்லை. ஆளுக்கொரு பாட்டிலையும் அரை முழம் ட்யூபையும் கையில் கொடுத்து, செய்முறையை மூன்று தடவை சொல்லி, நாலாவது தடவை திருப்பிச் சொல்லவைத்து அனுப்பினார். கோமதி நகரின் எல்லா மாடிகளிலும் செடி முளைத்தது அவரால்தான், அதை யாரும் மறுக்கவில்லை. சர்வேயர் அண்ணாச்சி என்று கூப்பிட்ட வாயெல்லாம் அன்போடுதான் கூப்பிட்டது.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் செல்போனில் ஒரு நாள், பனி கொட்டும் தேசத்தில் ஒருவன் கண்ணாடிக் கூண்டு கட்டி, அதற்குள் கம்பளிச் சட்டையோடு நின்று தக்காளி பறிப்பதை ஆவுடையப்பன் பார்த்துவிட்டார். குளிருக்காகக் கட்டிய கூண்டு அது என்பது அவர் கண்ணில் படவில்லை, தக்காளிதான் பட்டது. சித்திரையில் மாடித் தளத்தில் அப்பளம் பொரிக்கலாம் என்கிற ஊரில், காயலாங்கடையில் கிடந்த பழைய பஸ் கண்ணாடிகள் பதினொன்றை வாங்கி வந்து, இரும்புச் சட்டத்தில் நிறுத்தி, இடுக்கெல்லாம் சைக்கிள் ட்யூபை வெட்டிப் பொதிந்து தார் பூசி, அவர் ஒரு பசுமைக்குடில் கட்டினார். பின்பக்கத்துக் கண்ணாடியில் ‘அவசர வழி’ என்று சிவப்பில் எழுதியிருந்தது. அதைத்தான் மற்ற எல்லாவற்றையும்விட இறுக்கமாக அடைத்தார். ஒரு எறும்பு, ஒரு கொசு, ஒரு அந்துப்பூச்சி இதற்குள் நுழைந்துவிட்டால் என் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று காலனிச் செயலாளர் தளவாயிடம் சொன்னார்.

மீசைக்கு ஒரு ஆபத்தும் வரவில்லை. முதல் வருஷம் தக்காளி செடியிலேயே வெந்து, ரசத்துக்குப் பிசைந்த பதத்தில் தொங்கியது. அவர் மனைவி உலகம்மாள்தான் அந்தக் கூண்டால் பலன் கண்ட ஒரே ஜீவன். காலையில் கொண்டுபோய் வைத்த கூழ்வற்றல் பத்து மணிக்கெல்லாம் கலகலவென்று காய்ந்துவிட, இந்த மனுஷன் வாழ்நாளில் செய்த ஒரு உருப்படியான காரியம் என்று அக்காள் தங்கச்சிகளுக்கெல்லாம் போன் பண்ணிச் சொன்னாள். அது அவருக்கு முள்ளாகக் குத்தியது. கார்த்திகை மழை விழுந்து வெக்கை தணிந்ததும் புடலை விதை ஊன்றினார். கொடி கண்ணாடியெல்லாம் படர்ந்தது. சாயங்காலமானால் சரிகை அவிழ்ந்தாற்போல வெள்ளைப் பூ ஆயிரம் பூத்தது. விடிந்தால் ஆயிரமும் உதிர்ந்து கிடந்தது. பூச்சி வராத இடத்தில் பிஞ்சு எங்கே நிற்கும்? அது அவருக்குத் தெரியாததல்ல. தார் பூசிய கை அதைப் பிரிக்க மாட்டேன் என்றது.

காணும் பொங்கலன்று மாடித்தோட்டப் போட்டி வைப்பது என்று கார்த்திகைக் கூட்டத்தில் முன்மொழிந்தவரும் அவரே. எல்லார் முன்னாலும் கண்ணாடிக் கூண்டின் புடலங்காயைக் காட்டுகிறேன் என்று வாயை விட்டவரும் அவரே.

முதல் தெருவில் ஞானசௌந்தரி டீச்சர் இருந்தார். பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், ஒண்டியாள். அவர் மாடியில் மூன்று சாக்குப் பை, நாலு மூங்கில், மேலே ஒரு கயிற்றுப் பந்தல். வேறு எந்த ஜோடனையும் கிடையாது. காற்றும் பூச்சியும் இஷ்டத்துக்கு வந்து போகும். அதில் ஐந்து புடலங்காய், ஒவ்வொன்றின் நுனியிலும் கோணாமல் வளர்வதற்கு ஒரு சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, அடிக்கோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இறங்கியிருந்தன. போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் ஆவுடையப்பன் அவர் வீட்டுக்குப் போய், கொடியைக் கட்டப் பச்சை நூல் வேண்டும் டீச்சர், கண்ணுக்குத் தெரியாமல் இலையோடு இலையாக நிற்கிற பச்சை, என்று கேட்டார். டீச்சர் டப்பாவைத் திறந்து, ஒவ்வொரு கண்டாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பொருத்தமாக ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கூடவே ஒரு தட்டு அதிரசமும் கொடுத்தார். இவர் இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்தார்.

காணும் பொங்கலன்று காலையில், சர்வேக்குப் போகையில் அளவுகோல் கம்பு வைத்துக்கொண்டு போன நீளமான கித்தான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது பைக்குள் ஒரு புடலங்காய் இருந்தது. கடைக்காரி பேச்சி, ஆள் உசரம் இருக்கு அய்யா, பாத்துக் கொண்டுபோங்க என்று சொல்லிக் கொடுத்தது. கூண்டுக்குள் ஏறி, இலை மறைவில், டீச்சர் கொடுத்த நூலால் காயைக் கொடியோடு சேர்த்து முடிச்சுப் போட்டார். நுனியில் அதே நூலால் ஒரு கூழாங்கல்லையும் கட்டினார். உலகம்மாள் வற்றல் தட்டோடு வாசலில் நின்று பார்த்தாள். நான் ஒண்ணும் கேக்கல என்று சொல்லிவிட்டுத் தட்டோடு கீழே இறங்கிப் போனாள். அவள் கேட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

நடுவராக வந்தவர் நர்சரி வைத்திருக்கும் சுடலையாண்டி. முதலில் ஆவுடையப்பன் மாடிக்கு வந்து, கூண்டைச் சுற்றிப் பார்த்து, காயைப் பார்த்து, பேஷ் என்றார். பிறகு அவரும் ஆவுடையப்பனும் காலனிக்காரர்களுமாகப் பதினோரு பேர் படையாக டீச்சர் மாடிக்கு ஏறினார்கள். அந்த ஐந்து காய்களைக் கண்டதும் சுடலையாண்டியின் முகம் கோயில் கோபுரத்தைப் பார்க்கிறவன் முகம் போல மேலே நிமிர்ந்தது. ஆவுடையப்பன் அந்த முகத்தைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் அவர் வாய், அவரைக் கேட்காமலேயே, சுடலையாண்டியின் காதுக்குப் போய்விட்டது.

“அஞ்சும் ஒரே அளவா இருக்கு, சந்தைக் காய் மாதிரி. காம்பைக் கொஞ்சம் நல்லாப் பாத்துக்கிடுங்க.”

சுடலையாண்டி பெருவிரலால் காம்பைத் தேய்த்துப் பார்த்தார். முடிச்சு இல்லை. சந்தேகம் தீராமல் லேசாக இழுத்தார். முற்றிய காய், இழுத்த கையோடு வந்துவிட்டது. பதினோரு பேரும் அவர் கையிலிருந்த காயைப் பார்த்தார்கள். பிறகு மரியாதைக்காக ஆளுக்கொரு திசையில் தென்னை மரத்தைப் பார்த்தார்கள். ஆவுடையப்பன் தன் செருப்பைப் பார்த்தார். சாயங்காலம் முதல் பரிசாக அவருக்கு ஒரு பித்தளைப் பூவாளி கொடுத்தார்கள். டீச்சருக்கு ஆறுதல் பரிசு என்று ஒரு சோப்பு டப்பா. மறுநாள் முதல் தெருவில் மூங்கில் பிரிக்கிற சத்தம் கேட்டது. டீச்சர் பந்தலை அவிழ்த்து, சாக்குப் பைகளைக் கவிழ்த்துவிட்டார்.

அதே மறுநாள் காலையில், வாடிப்போன காயை அறுத்து எறிந்துவிடலாம் என்று கத்தியோடு மாடியேறிய ஆவுடையப்பன், காய் வாடாமல் ஒரு முழம் வளர்ந்திருப்பதைக் கண்டார். கொடி அந்த முடிச்சைக் காம்பென்று எடுத்துக்கொண்டுவிட்டது போலும். நூலை அறுக்கப் பார்த்தார், கத்தி மழுங்கியது. அவிழ்க்கப் பார்த்தார், நகம் பிய்ந்தது. கூண்டின் கதவிடுக்கு வழியாகக் காய் வெளியே வந்து, மாடிச் சுவரைத் தாண்டி, மூன்றாம் நாள் தெருவில் இறங்கியது. காய் வளர வளர அதைக் கட்டிய நூலும் வளர்ந்து தேர்வடம் போலப் பருத்தது. முடிச்சு தேங்காயாகி, பூசணியாகி உட்கார்ந்தது. நுனியில் கட்டிய கூழாங்கல் அம்மிக்கல்லாகி, காய் நீளும்போதெல்லாம் ரோட்டில் கரகரவென்று இழுபட்டது. அந்தச் சத்தம் கேட்டதும் காலனியில் ஆறு மணி என்று தெரிந்துகொண்டு பால் வாங்கப் போனார்கள்.

கோமதி நகர் அதைப் பழகிக்கொள்ள நாலு நாள் ஆனது. முதல் நாள், வண்டி போக வழியில்லை என்று தளவாய் ஒரு புகார் எழுதினார். இரண்டாம் நாள், காயின் மேலாகப் பலகை போட்டு ஒரு சின்னப் பாலம் கட்டினார்கள். அதுவும் ஆவுடையப்பன் சொல்லிக்கொடுத்த செய்முறைதான், பழைய கட்டில் சட்டத்தில் செய்தது. மூன்றாம் நாள் காயை வெட்டிக் கறி வைத்தார்கள், வெட்டிய இடம் மத்தியானத்துக்குள் மூடிக்கொண்டது, ருசியும் நன்றாக இருந்தது. நாலாம் நாளிலிருந்து எந்த வீட்டிலும் காய்கறி வாங்கப் பை எடுக்கவில்லை. கூட்டு, பொரியல், பருப்பு உசிலி, வளையமாக நறுக்கிப் பஜ்ஜி, கடைசியில் வேறு வழியில்லாமல் அல்வா. வேலை முடிந்து வருகிறவர்கள் அதன்மேல் உட்கார்ந்து பேசினார்கள். ஷேர் ஆட்டோக்காரர்கள், புடலங்காய் இறங்கு என்று கூவினார்கள். தெருவுக்குத் தெரு நின்று எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: கை ராசி என்றால் சர்வேயர் அண்ணாச்சி கை ராசி.

அவருக்கோ அந்தக் காயில் ஒரு துண்டைக்கூட விழுங்க முடியவில்லை. ஊருக்கெல்லாம் வெண்ணெயாக வெந்த காய், அவர் தட்டில் மட்டும் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு பச்சை நூலாகப் பல்லில் சிக்கியது. இழுத்தால் முழ நீளம் வந்தது. உலகம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே ரசம் ஊற்றினாள்.

முடிச்சை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று முதலில் அதன்மேல் ஒரு துண்டைப் போட்டார். துண்டு போதாமல் வேட்டியைச் சுற்றினார். வேட்டி போதாமல் உலகம்மாளின் பழைய பட்டுச் சேலையைச் சுற்றினார். பட்டுச் சுற்றியதைக் கண்டவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு மாடியேறினார்கள். யாரோ ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டினார்கள், பெண்ணுக்கு வரன் அமைய வேண்டும் என்று. அது தளவாயின் வீட்டுக்காரி, ஒன்பதாம் நாள் வரன் அமைந்தும்விட்டது. அப்புறம் கேட்க வேண்டுமா? வேலைக்கு ஒரு கயிறு, விசாவுக்கு ஒரு கயிறு, மூட்டுவலிக்கு ஒரு கயிறு. ஒரு பொய்யின்மேல் ஊரெல்லாம் கைகூப்பி நிற்க, அதன் பக்கத்தில் பித்தளைப் பூவாளியோடு நின்று, வாங்க வாங்க என்று சொல்ல வேண்டிய கதி அவருக்கு. டீச்சர் மட்டும் வரவில்லை. வந்திருந்தாலும் ஆவுடையப்பன் அவரை நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டார்.

ஆனால் அவரைத் தூங்கவிடாமல் அடித்தது வேறு கணக்கு. காய் தினமும் ஏழடி போனது. தெருக்கோடி முக்கில் வலது கைப் பக்கம் திரும்பினால் மார்க்கெட் ரோடு, இடது கைப் பக்கம் முதல் தெரு. அளந்து பழகிய மனுஷன் அல்லவா, டேப்பை எடுத்துக்கொண்டு காலையிலும் மாலையிலும் அளந்தார். தன்னை வளர்த்தவளைத் தேடிப் பிள்ளை போகிற மாதிரி இது பேச்சியின் கடைக்குத்தான் போகிறது, அவள் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இது நான் வித்த காயில்லா என்று கேட்கத்தான் போகிறாள் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. கல்லைத் தூக்கித் திசை திருப்பப் பார்த்தார்; இடுப்புதான் பிடித்துக்கொண்டது. முக்கை நெருங்கிய நாளில் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, கரகர சத்தம் வலது பக்கம் திரும்புவதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சத்தம் இடது பக்கம் திரும்பியது.

அடுத்த நாலு நாளும் அவர் டேப்பை எடுக்கவில்லை. போகிற இடம் தெரிந்த பிறகு என்ன அளவு? நாற்பத்தாறாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, காய் முதல் தெருவில் ஞானசௌந்தரி டீச்சர் வீட்டு கேட்டுக்குள் நுழைந்து, வாசற்படியில் அந்த அம்மிக்கல்லை வைத்துவிட்டு நின்றது. அதற்குமேல் ஒரு விரல்கூட வளரவில்லை. டீச்சர் சர்ச்சுக்குப் போகக் கிளம்பியவர், கதவைத் திறந்து, கல்லைப் பார்த்து, கல்லைக் கட்டியிருந்த வடத்தைப் பார்த்து, கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். ஆவுடையப்பன் காயின் ஓரமாகவே, அதைத் தடவிக்கொண்டே நடந்துவருகிற குருடனைப் போல, வந்து சேர்ந்தார்.

எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தார்.

“டீச்சர், அந்த நூலு…”

“என் நூல்தான்,” என்றார் டீச்சர். “பச்சையில பதினேழு பச்சை இருக்கு அண்ணாச்சி. இது நான் உங்களுக்கு எடுத்துக் கொடுத்த பச்சை. மூணாம் நாள் வடம் தெருவுக்கு வந்தப்பவே பாத்துட்டேன்.”

“பாத்துட்டுமா சும்மா இருந்தீங்க?”

“நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். ஒரு நாள் ரெண்டு நாள்னு நெனைச்சேன். நாப்பத்தாறு நாள் ஆகும்னு நெனைக்கல.”

ஆவுடையப்பன் படியில் உட்காரப் போனார். டீச்சர் உட்காரச் சொல்லவில்லை, அதனால் நின்றார். நின்றபடியே மார்க்கெட், கித்தான் பை, முடிச்சு, சுடலையாண்டியின் காது என்று எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில், மன்னிச்சிருங்க என்றார். டீச்சர் அதைக் காதில் வாங்கிய மாதிரியே தெரியவில்லை.

“என்கிட்ட சொன்னா நேராயிருமா? அன்னைக்கு என் மாடியில பதினோரு பேரு நின்னாங்க. இந்த ஒன்றரை மாசமா நான் கத்திரிக்காய் வாங்குனாக்கூட, இது டீச்சர் வளர்த்ததா வாங்குனதான்னு சிரிப்பு. முப்பது வருஷம் பொம்பளப் பிள்ளைகளுக்கு நூலைக் கோணாம ஓட்டச் சொல்லிக் கொடுத்தவ நான்.” குரல் உயரவே இல்லை. “அங்க போய்ச் சொல்லுங்க.”

காலனிக் கூட்டம் பத்து மணிக்கு, பாலத்துப் பக்கத்தில். ஆவுடையப்பன் தளவாயிடமிருந்து மைக்கை வாங்கி, தொண்டையைச் செருமி, காய் கடைக் காய் என்றார். முடிச்சு போட்டது நான் என்றார். டீச்சர் காய் சத்தியமான காய், அதைச் சந்தைக் காய் என்று கோள் சொன்னது இந்த வாய் என்றார். சொல்லி முடித்து, தலையில் இடி விழட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டார். கைதட்டல் விழுந்தது. தன்னடக்கம் என்றால் இதுவல்லவா தன்னடக்கம் என்றார் தளவாய். தோற்றவர் மனசு நோகாமல் இருக்க எப்படியொரு கதை கட்டுகிறார் பாருங்கள் என்றார் இன்னொருவர். காலனியே சிரித்தது. ஓரத்தில் சர்ச் சேலையோடு நின்ற ஞானசௌந்தரி டீச்சர் சிரிக்கவும் இல்லை, கைதட்டவும் இல்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் தடவையாக ஆவுடையப்பன் அந்தப் பார்வையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எல்லாரும் மாடிக்கு வாங்க,” என்றார்.

பதினோரு பேருக்குப் பதில் நூற்றுப்பத்துப் பேர் ஏறினார்கள். ஆவுடையப்பன் ஊரார் கட்டிய கயிறுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, இது உங்களுது, இது உங்களுது என்று கட்டியவர் கையிலேயே கொடுத்தார். பட்டுச் சேலையை அவிழ்த்தார், வேட்டியை அவிழ்த்தார், துண்டை எடுத்தார். அடியில், பூசணி அளவுக்கு, டீச்சரின் பச்சையில், அவர் போட்ட முடிச்சு அம்மணமாக உட்கார்ந்திருந்தது. சிரிப்பு நின்றது. அன்றைக்குக் கத்திக்கு மசியாத முடிச்சு, அத்தனை பேர் பார்க்க அவர் விரல் வைத்ததும் தலைவாரிய பின்னல் போல அவிழ்ந்துகொண்டது.

அவிழ்ந்த அந்த நிமிஷத்தில் காய்க்குத் தன் வயசு ஞாபகம் வந்துவிட்டது. பறித்து நாற்பத்தாறு நாளான புடலங்காய் என்ன பாடு படுமோ அந்தப் பாட்டை மூன்று தெரு நீளத்துக்கும் ஒரேயடியாகப் பட்டது. மஞ்சளாகி, கறுத்து, தொளதொளத்து, கட்டில் சட்டப் பாலத்தோடு உள்வாங்கி, மாசி வெயிலில் எடுத்த நாற்றம் இருக்கிறதே, அது எட்டு நாள் போகவில்லை. காதால் கேட்டு நம்பாத காலனி மூக்கால் நம்பியது. யாரும் அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு அவர் வீட்டைத் தாண்டிப் போனார்கள், அதுவே போதுமானதாக இருந்தது. எட்டு நாளும் மண்வெட்டியோடு அவர்தான் அள்ளினார். தளவாய் வீட்டு வாசலில் அள்ளும்போது, தளவாய் ஜன்னலுக்குள்ளிருந்து, “ஓய், வரன் நெலைக்குமாங்காணும்?” என்று மட்டும் கேட்டார். வரன் நிலைத்தது.

ஒன்பதாம் நாள் ஆவுடையப்பன் பித்தளைப் பூவாளியைக் கொண்டுபோய் முதல் தெரு கேட்டில் மாட்டிவிட்டு வந்தார். மாட்டியது மாட்டியபடி மூன்று மாசம் தொங்கி, பச்சை பூத்தது. ஆனியில்தான் ஒரு நாள் அதைக் காணவில்லை. அன்றைக்கு முதல் தெருவில் மூங்கில் நடுகிற சத்தம் கேட்டுப் போய் நின்றார்; டீச்சர் மேலே வரச் சொல்லவில்லை, கீழே நின்று கயிறு எடுத்துக் கொடுக்கச் சொன்னார். எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து, தாரைச் சுரண்டி, ட்யூபைப் பிய்த்து, ‘அவசர வழி’ என்று எழுதிய கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார். இனிமேல் வத்தலை எங்கே காயவைப்பேன் என்று உலகம்மாள் கேட்டாள். ஆடியில் விதை ஊன்றினார். சாயங்காலப் பூவுக்கு அந்துப்பூச்சிகள் அந்த ஓட்டை வழியாக ஒன்றிரண்டாக வந்தன. ஆவணிக் கடைசியில், எல்லாப் பூவும் உதிர்ந்த இடத்தில், சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரே ஒரு பிஞ்சு நின்றது. பிஞ்சு வளைந்தது. நேராக்குவதற்கு ஒரு கல்லை எடுத்தவர், அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்று, சத்தம் வராமல் கீழே வைத்தார். அது தன் இஷ்டத்துக்கு வளைந்து, முறுகி, வாலைத் தன் தலைக்கே கொண்டுவந்து ஜாங்கிரி மாதிரிச் சுருண்டுகொண்டது.

அதைக் கித்தான் பையில் போடாமல், தெரு பார்க்கக் கையில் ஏந்திக்கொண்டு முதல் தெருவுக்குப் போனார். வாசல்களில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். டீச்சர் கேட்டுக்கு வந்தார். அவர் கேட்பதற்கு முன்பே ஆவுடையப்பன் காம்புப் பக்கத்தை முன்னால் நீட்டினார். டீச்சர் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு, பெருவிரலால் காம்பை ஒரு தடவை தேய்த்துப் பார்த்தார்.

“கோணலா இருக்கே அண்ணாச்சி.”

“ஆமா டீச்சர். கல்லு கட்டல.”

டீச்சர் தலையை ஆட்டினார். பிறகு இன்னொரு தடவை தேய்த்துப் பார்த்தார். ஆவுடையப்பன் நீட்டிய கையை மடக்காமல் நின்றுகொண்டிருந்தார்.